குழாய் நுனி வயிற்றில்தான் இருக்கிறதா? ஸ்டெதாஸ்கோப், எக்ஸ்ரே, பிஎச் தாள்

பக்கவாதம் வந்த அப்பாவை, மூக்கு வழியாக வயிற்றுக்குப் போகும் உணவுக் குழாயான ரைல்ஸ் டியூப்போடு, கடலூர் திருப்பாதிரிப்புலியூர் வீட்டுக்குக் கூட்டி வந்தோம். கஞ்சி கரைப்பது பெரிய வேலையில்லை. ஊற்றும் முன், குழாய் நுனி வயிற்றில் இருக்கிறதா என்று பார்ப்பதுதான் வேலை. அது மூச்சுக்குழாய்ப் பக்கம் போயிருந்தால் கஞ்சி நுரையீரலில் இறங்கிவிடும்.

எங்களுக்குப் பலரும் சொல்லித் தந்தது காற்று முறை. சிரிஞ்சால் குழாய்க்குள் காற்றைத் தள்ளிவிட்டு, வயிற்றின் மேல் ஸ்டெதாஸ்கோப்பை வைத்தால் குபுக்கென்று கேட்கும். காசு செலவில்லை, ஒரு நிமிடம் போதும். ஆனாலும் இதை நம்பிக் கஞ்சி ஊற்றாதீர்கள். நுனி நுரையீரலில் இருந்தாலும் அதே சத்தம் வயிற்றில் கேட்கலாம். பிரிட்டனின் நோயாளி பாதுகாப்பு முகமை இதை நம்பக் கூடாது என்று 2005இலேயே சொல்லிவிட்டது. வெளி முனையைத் தண்ணீரில் முக்கிக் குமிழி பார்ப்பதும் இதே ரகம்தான்.

எக்ஸ்ரேதான் மிகத் துல்லியம். புதிதாகக் குழாய் போட்டதும், சந்தேகம் தீராதபோதும் அது வேண்டும். ஆனால் படம் எடுத்த நேரத்து நிலையைத்தான் காட்டும். மதியம் ஒரு பலத்த இருமல் வந்தால் காலைப் படம் உதவாது. படுத்த படுக்கையாக இருப்பவரை வேளைக்கு வேளை அரியாங்குப்பம் தாண்டி புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனைக்குக் கொண்டுபோக முடியுமா?

வீட்டுக்கு, அமில அளவை நிறத்தால் காட்டும் பிஎச் தாளே சரி. வயிற்று நீர் நல்ல அமிலம்; அமிலம் கூடினால் பிஎச் எண் குறையும். சிரிஞ்சால் கொஞ்சம் வயிற்று நீரை இழுத்துத் தாளில் விட வேண்டும். எண் 5.5 அல்லது அதற்குக் கீழே வந்தால் ஊற்றலாம். அதற்கு மேல் வந்தால் ஊற்றக் கூடாது. நீல லிட்மஸ் தாள் இதற்கு ஈடாகாது. லேசான அமிலத்துக்கும் அது நிறம் மாறிவிடும். பிஎச் தாளிலும் ஒரு சிக்கல் உண்டு. பான்டோபிரசோல் போன்ற, வயிற்று அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை சாப்பிடுபவருக்கு, அல்லது அப்போதுதான் கஞ்சி ஊற்றியிருந்தால், குழாய் சரியாக இருந்தும் எண் ஏறிக் காட்டும். ஒரு மணி நேரம் விட்டுப் பாருங்கள். நீரே வராவிட்டால் இடப்பக்கம் சாய்த்துப் படுக்கவைத்து, 15 முதல் 30 நிமிடம் கழித்து மறுபடி இழுங்கள். அப்புறமும் தேறவில்லையென்றால் மருத்துவமனைதான்.

மூக்கருகே குழாயில் மார்க்கரால் கோடு போட்டு வைத்திருக்கிறோம். கோடு நகர்ந்திருந்தால் ஊற்றுவதில்லை. நகராவிட்டாலும் டார்ச் அடித்து, வாய்க்குள் குழாய் சுருண்டிருக்கிறதா என்று பார்த்துவிடுவோம். சரியாக இருந்தால் தலைமாட்டை 30 டிகிரிக்குக் குறையாமல் உயர்த்தி, மெதுவாக ஊற்றுவோம். இருமினாலோ மூச்சுத் திணறினாலோ அந்த நொடியே நிறுத்திவிடுவோம்.