குதிரை வாங்கும் முன் எடுக்கும் எக்ஸ்ரே: கோலாலம்பூர்க்காரர்கள் கவனம்

கோலாலம்பூர் வட்டாரத்தில் சவாரிக்குக் குதிரை தேடுபவர்கள் இதைப் படித்துவிட்டு முன்பணம் கொடுங்கள். சிங்கப்பூர் கிராஞ்சி குதிரைப் பந்தயத் திடலில் 2024 அக்டோபர் 5-ஆம் தேதி கடைசிப் பந்தயம் ஓடி முடிந்ததிலிருந்து, ஓய்வு பெற்ற பந்தயக் குதிரைகளை வைத்துக்கொண்டு அலைகிற தரகர்கள் கூடிவிட்டார்கள். குதிரையில் தப்பில்லை. அதோடு சேர்த்துக் கையில் திணிக்கும் எக்ஸ்ரே படங்களில்தான் வில்லங்கம்.

உலு லங்காட் பக்கம் நானும் என் மச்சானும் சிறிய லாயம் ஒன்று நடத்துகிறோம். பிள்ளைகளுக்குச் சவாரி கற்றுக்கொடுக்க சாதுவான குதிரை வேண்டும் என்று கேட்டிருந்தோம். தரகர் ஒருவர் 9,000 வெள்ளிக்கு (ரிங்கிட்) ஒரு குதிரையைக் காட்டினார். "கால் மூட்டு அத்தனைக்கும் ஃபுல் செட் எக்ஸ்ரே எடுத்துத் தருகிறோம்" என்று ஆளையும் அவரே கூட்டி வந்தார். அதற்கு 1,400 வெள்ளி, எங்கள் செலவு.

வந்தவர் வேலை செய்த விதத்தைச் சொல்லித்தான் ஆக வேண்டும். குதிரையை லாயத்துக்கு வெளியே புல்தரைச் சரிவில் நிறுத்தினார். அது பின்னங்கால் ஒன்றைத் தளர்த்திக்கொண்டு நின்றது, அதை அவர் கண்டுகொள்ளவில்லை. லாடத்தைக் கழற்றவில்லை, குளம்பில் ஒட்டியிருந்த மண்ணைக்கூடத் தட்டவில்லை. மெஷினை இடுப்பில் அணைத்துப் பிடித்தபடி கீழ்நோக்கிச் சுட்டுக்கொண்டே போனார். படம் பதியும் பிளேட்டைப் பிடிக்க, எங்கள் லாயத்தில் குதிரை பராமரிக்கும் சைஸ் அண்ணனைக் கூப்பிட்டார், அதுவும் வெறுங்கையால். ஈயக் கையுறையும் இல்லை, பிளேட்டைத் தள்ளிப் பிடிக்கும் கைப்பிடியும் இல்லை. கதிர் பாயும் பாதையிலேயே மனுஷன் கை. பணத்தைவிட எனக்கு இன்றுவரை ஆறாதது இதுதான்.

சைஸ் அண்ணனுக்கு அறுபது வயதுக்கு மேல். இப்போது இரட்டைக் கோபுரம் நிற்கும் அம்பாங் சாலை நிலம் பந்தயத் திடலாக இருந்த காலத்தில், அவர் அப்பா அங்கே குதிரை பார்த்தவர். அன்று முன்கால் முட்டியைத் தடவிப் பார்த்துவிட்டு, "வலது முட்டியில சூடு இருக்கு தம்பி, லேசா வீக்கமும் தெரியுது" என்றார். எக்ஸ்ரேக்காரர் சிரித்தார். "லாரிப் பயணக் களைப்பு, அங்கிள்."

படங்கள் வாட்ஸ்அப்பில் வந்தன. கூடவே ஒரு பத்தி அறிக்கை: முன்கால் முட்டிகள் சுத்தம், இடது பின்கால் ஹாக் மூட்டில் (பின்காலின் நடுவில் மடங்கும் மூட்டு) இடைவெளி குறைந்திருக்கிறது, ஆரம்பத் தேய்மானம். தரகர் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு விலையில் 1,000 வெள்ளி குறைத்தார். நல்ல நடிப்பு. குறையை அவர்களே சொல்லிவிட்டால் வேறு குறையைத் தேட யாருக்கும் தோன்றாது, அதுதான் கணக்கு.

நம்பி வாங்கினோம். லேசான பயிற்சிக்கே குதிரை நொண்ட ஆரம்பித்தது, வலது முன்காலில். தெரிந்த கால்நடை மருத்துவர் ஒருவர் வந்தார். பழைய படங்களைப் பார்த்ததும் முதலில் கேட்டது, "இடது எது, வலது எது?" என்றுதான். எந்தப் படத்திலும் இட வலக் குறி இல்லை. அடுத்து குளம்புப் படங்கள் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். லாட ஆணிகள் அதே எண்ணிக்கை, அதே வளைவு, மூன்றாவது ஆணி அதே கோணத்தில் சாய்ந்திருக்கிறது. ஒரே காலை எடுத்து, படத்தைத் திருப்பிப் போட்டு இரண்டு கால் என்று காசு வாங்கியிருக்கிறார்கள்.

ஹாக் மூட்டுத் தேய்மானம்? அதுவும் இல்லை. அங்கே கீழே உள்ள மூட்டு இடைவெளிகள் மெல்லியவை. பலகை இடுக்கு வழியே அடுத்த வீட்டைப் பார்ப்பது போலத்தான், கண் சரியான நேர்கோட்டில் இருந்தால்தான் அந்தப் பக்கம் தெரியும். கதிரின் கோணம் கொஞ்சம் பிசகினாலும், குதிரை காலைத் தளர்த்தி நின்றாலும், இருக்கும் இடைவெளி படத்தில் மூடிக்கொள்ளும். டாக்டர் எடுத்த புதுப் படத்தில் அது பளிச்சென்று திறந்திருந்தது.

அவர் எடுத்த முறையையும் சொல்கிறேன், ஒப்பிட்டுப் பார்க்க உதவும். லேசான மயக்க ஊசி, சமமான சிமெண்டுத் தரை, நான்கு காலிலும் ஒரே பாரம், கேனன் எலும்பு (முட்டிக்கும் ஹாக்குக்கும் கீழே உள்ள நீள எலும்பு) செங்குத்தாக. குதிரையின் தலை ஒரு பக்கம் திரும்பாமல் சைஸ் அண்ணன் பிடித்துக்கொண்டார், தலை திரும்பினால் பாரமும் மாறிவிடுமாம். குளம்புக்கு லாடத்தைக் கழற்றி, சுத்தம் செய்து, அடியில் உள்ள பள்ளங்களில் மாவு போன்ற ஒன்றை அடைத்தார். இல்லாவிட்டால் அங்கே தங்கும் காற்று கறுப்புக் கோடாக விழுந்து எலும்பு முறிவு போலவே ஏமாற்றும். இரண்டு முன்கால்களையும் ஒரே உயரக் கட்டைகள் மேல் ஏற்றினார். மெஷினைத் தரை வரை இறக்க முடியாது, அதனால் காலைத்தான் உயர்த்த வேண்டும். பக்கவாட்டுப் படத்துக்குக் கதிர் தரைக்கு இணையாக, பிளேட் அதற்குச் செங்குத்தாக, காலை ஒட்டி.

எல்லாமே கிடைமட்டம் என்றும் இல்லை. குளம்புக்கு மேலே கணுக்கால் போல இருக்கும் ஃபெட்லாக் மூட்டை முன்னாலிருந்து எடுக்கும்போது 10, 15 டிகிரி மேலிருந்து கீழாகச் சாய்க்கிறார்கள். சாய்க்காவிட்டால் பின்னால் உள்ள இரண்டு சிறிய எலும்புகளின் நிழல் மூட்டு இடைவெளி மேலேயே விழும்.

முன்கால் முட்டிக்கு வந்தோம். நேராக, பக்கவாட்டில், இரண்டு சாய்கோணங்களில் எடுத்த பிறகு, காலை மடக்கிப் பிடித்து இன்னொன்று எடுத்தார். மடக்கினால் ஒன்றன்மேல் ஒன்று மறைத்து நிற்கும் எலும்புகள் விலகிக்கொடுக்கும். அந்தப் படத்தில்தான் வலது முட்டியில் உடைந்த சில்லு தெரிந்தது. ஓரங்கள் மழுங்கி உருண்டிருந்தன, அப்படியானால் பழைய உடைப்பு. பந்தயக் குதிரைக்கு அடிபடும் வழக்கமான இடம் அது. அங்கே மடக்கிய படம் எடுக்காமல் விட்டதைத் தெரியாத்தனம் என்று என்னால் நம்ப முடியவில்லை.

தரகரைக் கேட்டோம். "உங்க லாயத்துல ஓட்டி உடைச்சுட்டு எங்க தலையில கட்டாதீங்க" என்றார். மழுங்கிய ஓரத்தைப் பற்றிச் சொன்னதும் போனை வைத்துவிட்டார். எக்ஸ்ரேக்காரரிடம் மெஷின் பதிவு செய்யும் மூலப் பட ஃபைல்களை (டைகாம்) கேட்டோம், அழிந்துவிட்டதாம். பதிவு எண்ணைக் கேட்டதற்குப் பதிலே இல்லை. 1974 கால்நடை மருத்துவர் சட்டப்படி பதிவு பெற்றவர்தான் இங்கே கால்நடை மருத்துவத் தொழிலைச் செய்யலாம். எக்ஸ்ரே கருவிக்கு 1984 அணுசக்தி உரிமச் சட்டப்படி லைசென்ஸ் வேண்டும். மலேசியக் கால்நடை மருத்துவ மன்றத்துக்கு எழுதிவிட்டோம். வெறுங்கையால் பிளேட் பிடிக்க வைத்ததைத் தனிப் புகாராகக் கொடுக்கப்போகிறோம்.

குதிரைக்குச் சிறு துளை வழியாகச் சில்லை எடுக்கும் அறுவை சிகிச்சை செய்யலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். செலவு வாங்கிய விலையை நெருங்கும் போலிருக்கிறது. தரகரோ இப்போது ஈப்போ பக்கமும் குதிரை காட்டி வருவதாகக் கேள்வி. உங்களிடம் வந்தால் எக்ஸ்ரேக்கு ஆளை நீங்களே பிடியுங்கள். தான் கூட்டி வரும் ஆள்தான் எடுப்பார் என்று தரகர் அடம்பிடித்தால், முட்டியை மடக்கி எடுப்பீர்களா, மூல ஃபைலைக் கையில் தருவீர்களா என்று மட்டும் கேளுங்கள். இரண்டுக்கும் இழுத்தடித்தால் குதிரையை வந்த லாரியிலேயே ஏற்றி அனுப்பிவிடுங்கள்.