குரூப் 4 தயாரிப்பு: மதிப்பெண் இலக்கா, மணிக்கணக்கா, ‘இது முடிந்ததும் அது’ திட்டமா?

டிஎன்பிஎஸ்சி குரூப் 4 எழுதப்போகிறவர்கள் நோட்டின் முதல் பக்கத்தில் பெரும்பாலும் இரண்டில் ஒன்றைத்தான் எழுதிவைக்கிறார்கள்: ‘240 எடுக்கணும்’ அல்லது ‘தினம் ஆறு மணி நேரம்’. வேலைக்குப் போய்க்கொண்டோ குழந்தையைப் பார்த்துக்கொண்டோ படிப்பவருக்கு இந்த இரண்டும் போதாது.

மதிப்பெண் இலக்குக்கு ஒரு பலம் உண்டு. மொத்தம் 200 கேள்வி, 300 மதிப்பெண். பாதி தமிழ், அதில் 150க்கு 60 வராவிட்டால் மீதிப் பகுதியைத் திருத்தவே மாட்டார்கள். கேள்விக்கு ஒன்றரை மதிப்பெண் என்பதால், 240 வேண்டுமென்றால் 40 கேள்விகள் வரை போனாலும் பரவாயில்லை. அந்த 40 எந்தப் பாடத்தில் போகலாம் என்று யோசித்தாலே படிக்கும் வரிசை தெளிவாகிவிடும். ‘முடிந்தவரை பார்ப்போம்’ என்பவர்களைவிடத் திட்டவட்டமான, கடினமான இலக்கு வைப்பவர்கள் நன்றாகச் செய்கிறார்கள் என்பதை உளவியலாளர்கள் எட்வின் லாக், கேரி லேதம் இருவரும் பல ஆண்டு ஆய்வுகளில் காட்டியிருக்கிறார்கள்.

ஆனால் கட் ஆஃப் நம் கையில் இல்லை. காலியிடம், போட்டி, வினாத்தாள் எல்லாம் சேர்ந்துதான் அதைத் தீர்மானிக்கின்றன. இன்னொரு சிக்கலும் இருக்கிறது. 1989இல் கான்ஃபர், ஆக்கர்மன் என்ற ஆய்வாளர்கள், அமெரிக்க விமானப்படையில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டுப் பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள். வேலை பிடிபடுவதற்கு முன்பே மதிப்பெண் இலக்கு வைத்தால் கற்பது கெட்டது. பிடிபட்ட பிறகு வைத்தால் அது உதவியது. விகிதமும் தனிவட்டியும் மறந்துபோனவர் முதல் மாதமே மாதிரித் தேர்வு எழுதிச் சோர்ந்துபோவதும் இதனால்தான்.

மணிக்கணக்கை நான் சேர்க்கவே மாட்டேன். புத்தகத்தைத் திறந்துவைத்து உட்கார்ந்திருந்த நேரமும் அதில் கணக்காகிவிடும். ஒருநாள் காய்ச்சல் வந்தால் மொத்தமும் குலைந்துவிடும்.

மூன்றாவது, ஜெர்மன் உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் ஆராய்ந்த முறை. ‘இந்த நேரம் வந்ததும், இந்த இடத்தில், இதைச் செய்வேன்’ என்று முன்கூட்டியே முடிவு செய்துவைப்பது. கிறிஸ்துமஸுக்கு முந்தைய மாலையை எப்படிக் கழித்தார்கள் என்று 48 மணி நேரத்துக்குள் எழுதித்தர ஒப்புக்கொண்ட மாணவர்களில், எப்போது, எங்கே எழுதுவது என்று தீர்மானித்தவர்களில் நாலில் மூன்று பங்கினர் முடித்தார்கள். தீர்மானிக்காதவர்களில் மூன்றில் ஒரு பங்கினர்தான்.

நம் வீட்டில் இதையே இப்படி வைக்கலாம்: ‘இரவு சாப்பிட்டுத் தட்டைக் கழுவியதும், கூடத்து மேசையில் எட்டாம் வகுப்புத் தமிழில் ஒரு பாடம்.’ ‘பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தால் பழைய வினாத்தாள், கிடைக்காவிட்டால் நடப்பு நிகழ்வுகள் ஆடியோ.’ கடிகாரத்தை நம்புவதைவிட வீட்டு வேலையின் வரிசையை நம்புவது மேல், குறிப்பாகப் பெண்களுக்கு. ஏழு மணி அவர்கள் கையில் இருப்பதில்லை. பாத்திரம் கழுவி முடிக்கும் கணம் தினமும் வந்துவிடுகிறது. ஆனால் எதைப் படிப்பது என்பதை இந்த முறை சொல்லாது. ஒரே சமயத்தில் இப்படி இரண்டு மூன்று திட்டங்களுக்கு மேல் வைத்துக்கொண்டால் எதுவும் நிற்காது.

ஆகவே சிலபஸ் ஒருமுறை முடியும்வரை மூன்றாவது முறையை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். மதிப்பெண் இலக்கை அதன்பிறகு, மாதிரித் தேர்வு நாளில் மட்டும் வெளியே எடுங்கள். கணக்கு வரும் திறனறிவுப் பகுதியில் 25 கேள்விக்கு 12தான் சரி என்று வந்தால், அடுத்த வாரத்துக்கான வரி இது: ‘குழந்தை தூங்கியதும் தனிவட்டியில் ஐந்து கணக்கு.’