என்.எஸ்.எஸ். ஏழு நாள் முகாம்: கட்டத்தில் டிக் போடுவதற்கு முன்

என் சித்தப்பா மகள் இந்த வருடம் காரைக்குடியில் பி.காம். சேர்ந்திருக்கிறாள். முதல் வாரமே ஒரு தாளைக் கொடுத்து நிரப்பச் சொல்லியிருக்கிறார்கள். என்.சி.சி., என்.எஸ்.எஸ்., ஒய்.ஆர்.சி., ரெட் ரிப்பன் கிளப் என்று வரிசையாகக் கட்டங்கள். "எதுல டிக் போடட்டும்க்கா, எதுல வேலை கம்மி?" என்று போனில் கேட்டாள். அவளுக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரிவாக இங்கே எழுதுகிறேன். நான் இரண்டு வருடம் என்.எஸ்.எஸ்.ஸில் இருந்தேன். ஏழு நாள் முகாமும் போய்வந்தேன்.

முதலில் அடிப்படையைச் சொல்லிவிடுகிறேன். என்.எஸ்.எஸ். என்ற நாட்டு நலப்பணித் திட்டம் 1969 செப்டம்பர் 24-ஆம் தேதி, காந்தி நூற்றாண்டு வருடத்தில், 37 பல்கலைக்கழகங்களில் தொடங்கியது. சேர்கிறவர் வருடத்துக்கு 120 மணி நேரம், இரண்டு வருடத்தில் 240 மணி நேரம் பணி செய்யவேண்டும். நடுவில் ஒரு முறை ஏதாவது ஒரு கிராமத்தில் ஏழு நாள் தங்க வேண்டும். ஓர் அணிக்கு 100 பேர், முகாமுக்கு அதில் 50 பேர். பணம் எதுவும் கட்டவேண்டாம். எங்களுக்கு டி-சர்ட், தொப்பி, ஒரு பேட்ஜ் கொடுத்தார்கள். அந்த பேட்ஜில் இருப்பது கோனார்க் கோயில் தேர்ச்சக்கரம். அதன் எட்டு ஆரங்களும் நாளின் எட்டு ஜாமம், அதாவது 24 மணி நேரமும் சேவைக்குத் தயார் என்று அர்த்தம். முகாம் ஊரில் ஒரு சின்னப் பையன் அதைத் தொட்டுப் பார்த்து, "இது பஸ் சக்கரமா?" என்று கேட்டான். அவனை உட்கார வைத்து விளக்கிச் சொன்னேன். அன்றைக்குச் சாயங்காலம் முழுக்க அவன் எங்களை விட்டுப் போகவே இல்லை.

வருடம் முழுக்க நடக்கும் வேலைகளைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. பதாகை பிடித்துப் பேரணி, உறுதிமொழி, வளாகத்தைக் கூட்டுவது, மரக்கன்று. நட்ட கன்றுகளில் பாதிக்கு மேல் கோடையில் கருகிவிட்டன. ரத்ததான முகாம் மட்டும் உண்மையிலேயே பயனுள்ளது, அதை விடாதீர்கள்.

முகாமைப் பற்றித்தான் நான் எழுத வந்தேன்.

எங்களுக்குக் கிடைத்தது கல்லல் பக்கம் ஒரு கிராமம். ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் இரண்டு வகுப்பறை பெண்களுக்கு, ஒன்று ஆண்களுக்கு. கழிப்பறை இரண்டே இரண்டு. விடிகாலை நாலரைக்கு எழுந்தால்தான் வரிசை இல்லாமல் குளிக்க முடியும். சாப்பாடு நன்றாகவே இருந்தது. மூன்றாம் நாள் ஊர்க்காரர்கள் ஒரு பெரிய தூக்கு நிறைய வெள்ளைப் பணியாரமும் வரமிளகாய்ச் சட்னியும் கொண்டுவந்து கொடுத்தார்கள். நாங்கள் 50 பேர், ஆளுக்கு ஒன்றரைதான் வந்தது. அந்த ருசி இன்னும் நாக்கில் இருக்கிறது.

முதல் நான்கு நாளும் ஊருணி வேலை. செட்டிநாட்டு ஊர்களுக்கு வற்றாத ஆறு கிடையாது, மழைத் தண்ணீரைப் பிடித்துவைத்துத்தான் குடித்தார்கள். ஊருணிக்குத் தண்ணீர் வரும் வரத்துக்கால் முழுக்கச் சீமைக்கருவேலம் மண்டிக் கிடந்தது. வெட்டி, வேரோடு பிடுங்கி, மண்ணை அள்ளிக் கரையில் போட்டோம். முள் குத்தாத ஆள் இல்லை. வேலை நல்ல வேலை, குறை சொல்லமாட்டேன். ஆனால் அந்த ஊரில் இரண்டு ஊருணி. கிழக்கே காலனிக்குப் பக்கத்தில் இருக்கும் ஊருணியின் வரத்துக்கால் இதைவிட மோசமாகத் தூர்ந்து கிடந்தது. திட்டத்தில் அது இல்லை. "சார், அது ஏன் இல்லை?" என்று எங்கள் அணித்தலைவி கேட்டாள். "கொடுத்த வேலையைப் பாருங்கம்மா" என்பதோடு அந்தப் பேச்சு முடிந்தது. ஒரே ஊருக்கு எதற்காக இரண்டு ஊருணி வந்தது என்று அங்கே யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. சொல்லாமலே எங்களுக்குப் புரிந்தது. ஆறாம் நாள் டீக்கு அப்புறம் நாங்கள் ஏழு பேர் மண்வெட்டியும் அரிவாளும் எடுத்துக்கொண்டு கிழக்கே போனோம். இருட்டும்வரை வெட்டினோம். ஒரு பஸ் நீளம்தான் சுத்தமானது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் பத்துப் பேர் வந்து முள்ளை இழுத்துப் போட்டார்கள். நாங்கள் கேட்காமலே ஒரு அம்மா சில்வர் குடத்தில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார்.

ஐந்தாம் நாள் கணக்கெடுப்பு. வீட்டுக்கு வீடு போய் எத்தனை பேர், என்ன வேலை, என்ன படிப்பு, கழிப்பறை உண்டா என்று அச்சடித்த படிவத்தில் நிரப்ப வேண்டும். நானும் என் தோழியும் போன தெருவில் ஒரு பெரியம்மா திண்ணையில் உட்கார்ந்து காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார். "வாத்தா, நீ யாரு மக?" என்றார். எங்கள் ஊர்ப்பெயரைச் சொன்னதும், அந்த ஊரில் ஒரு வீட்டுக்குத் தளம் போட வந்த கதையைச் சொன்னார். சித்தாள் வேலை, முப்பது வருடமாக. கானாடுகாத்தான், பள்ளத்தூர், கோட்டையூர் என்று பழைய வீடுகளைப் புதுப்பிக்கும் இடமெல்லாம் கலவை சுமந்திருக்கிறார். இடது தோள் வலதைவிட இறங்கியிருந்தது. உள்ளங்கை சுண்ணாம்பு தின்று வெடித்துக் கிடந்தது, ரேகையே தெரியவில்லை. ரேஷன் கடை மிஷினில் விரல் ரேகை விழாமல் திரும்பி வந்ததை அவரே சொன்னார்.

"வாரியத்துல பதிஞ்சிருக்கீங்களா பெரியம்மா?" என்று என் தோழி கேட்டாள். அவளுடைய அப்பா கொத்தனார், அதனால் அவளுக்கு விஷயம் தெரியும். தமிழ்நாட்டில் கட்டுமானத் தொழிலாளர்களுக்கென்று 1994-இலிருந்து நலவாரியம் இருக்கிறது. 18 வயதுக்கு மேல், 60 முடிவதற்குள் பதிந்துகொள்ள வேண்டும். பிள்ளைகள் படிப்புக்கு, கல்யாணத்துக்கு, விபத்துக்கு என்று உதவி உண்டு, 60 ஆனபின் ஓய்வூதியமும் உண்டு. பெரியம்மாவோ அப்படி ஒன்று இருப்பதையே கேள்விப்பட்டதில்லை. ஆதார் அட்டையை எடுத்து நீட்டினார். பிறந்த தேதி 1.1.1963. அதன்படி 60 தாண்டிவிட்டது. "நான் அம்புட்டுக் கெழவியா?" என்று சிரித்தார். அட்டை எடுத்தபோது வயது தெரியாது என்று சொன்னதும் யாரோ குத்துமதிப்பாக ஒரு வருடம் போட்டு, ஜனவரி 1 என்று வைத்துவிட்டார்கள்.

"எதுவரைக்கும் படிச்சீங்க?" என்றோம். "மூணாப்பு. இந்தா, நீங்க படுத்துக் கெடக்குற பள்ளிக்கூடத்துலதான்."

அன்று மத்தியானமே தலைமை ஆசிரியையிடம் போய்ச் சொன்னோம். அவர் கொஞ்சமும் தயங்காமல் பீரோவைத் திறந்தார். பழைய சேர்க்கைப் பதிவேடுகள், காலிகோ அட்டை போட்டவை, கறையான் ஓரம் அரித்தவை. 1970-களின் தொடக்கத்துப் பதிவேட்டை ஸ்டூலில் வைத்துப் பக்கம் பக்கமாகப் புரட்டினோம். நீல மை வெளுத்துப் பழுப்பாகியிருந்தது. நாற்பது நிமிடம் தேடிய பிறகு கிடைத்தது: பெரியம்மா பெயர், அவருடைய அப்பா பெயர், பிறந்த தேதி 1967, வைகாசி மாதக் கணக்கு. நாங்கள் இரண்டு பேரும் கத்திவிட்டோம். தலைமை ஆசிரியை கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். மறுநாளே பள்ளி முத்திரையோடு சான்று எழுதிக் கொடுத்தார்.

இதற்கு அப்புறம் நடந்ததுதான் இந்தத் திட்டத்தின் மேல் எனக்கு இருக்கும் குறை. ஏழாம் நாள் மாலை நிறைவு விழா, குழு போட்டோ, பஸ். எல்லாம் முடிந்தது. நிரப்பிய 180 படிவங்களும் ஒரு சாக்கில் கட்டப்பட்டுக் கல்லூரிக்கு வந்தன. அதில் உதவித்தொகை வராதவர்கள், பட்டா இல்லாதவர்கள், மாற்றுத்திறனாளி அட்டை எடுக்காதவர்கள் என்று எவ்வளவோ இருந்தது. அந்தச் சாக்கு பிரிக்கப்படவே இல்லை. "முகாம் முடிஞ்சிருச்சும்மா, அறிக்கை அனுப்பியாச்சு" என்றார்கள்.

நானும் தோழியும் விடவில்லை. சனிக்கிழமைகளில் பஸ் ஏறிப் போனோம். ஆதாரில் பிறந்த தேதியை ஒரே ஒரு முறைதான் திருத்த முடியும், அதனால் எழுத்து எழுத்தாகச் சரிபார்த்துக் கொடுத்தோம். முதல் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது, ஸ்கேன் மங்கலாம். இரண்டாவது முறை ஏற்றுக்கொண்டார்கள். அப்புறம் வாரியப் பதிவு. அதற்கு ஓடிபி வரவேண்டும். பெரியம்மாவின் நம்பர் மகனுடைய பழைய சிம், மகன் இருப்பது திருப்பூரில். அதை மாற்ற ஒரு நாள். விஏஓ சான்றுக்கு மூன்று நடை. பிப்ரவரியில் தொடங்கியது, அட்டை கைக்கு வந்தபோது செப்டம்பர். இந்த நடைகளில் ஒன்றுகூட எங்கள் 120 மணி நேரத்தில் சேரவில்லை. பதாகை பிடித்து நின்ற இரண்டு மணி நேரம் சேர்ந்தது. கணக்கு இப்படி இருக்கும்வரை என் மதிப்பெண் ஐந்துக்கு மூன்றுதான். அந்த மூன்றும் அந்தப் பெரியம்மா வீட்டுத் திண்ணைக்கு என்னைக் கொண்டுபோய் விட்டதற்காக.

கணக்கெடுப்பை முதல் நாளே வைத்துவிட்டால் பாதி சரியாகிவிடும். ஊருக்கு என்ன தேவை என்று தெரிந்துகொண்டு மிச்சம் ஆறு நாளில் அதைச் செய்யலாமே. இது ஒன்றும் நம் பக்கத்துக்குப் புதிது இல்லை. குன்றக்குடி மடத்தின் தலைவராக இருந்த குன்றக்குடி அடிகளார், காரைக்குடியில் இருக்கும் மத்திய மின்வேதியியல் ஆய்வகமான சிக்ரியின் விஞ்ஞானிகளையும் வங்கிக்காரர்களையும் ஊர் மக்களோடு உட்காரவைத்து, இந்த ஊரில் என்ன இருக்கிறது, யாருக்கு வேலை இல்லை என்று பார்த்து, கூட்டுறவுத் தொழில்களைக் கொண்டுவந்தவர். குன்றக்குடி எங்கள் கல்லூரியிலிருந்து பஸ்ஸில் அரை மணி நேரம்கூட இல்லை. ஒரு முறையாவது எங்களை அங்கே கூட்டிப்போயிருக்கலாம்.

சித்தப்பா மகளுக்கு என்.எஸ்.எஸ். கட்டத்தில்தான் டிக் போடச் சொன்னேன். ஆனால் அதோடு நிற்காதே என்றேன். ஒன்று, இலவச சட்ட உதவி. தாலுகா கோர்ட் வளாகத்திலேயே சட்டப் பணிகள் குழு அலுவலகம் இருக்கும். பெண்கள், குழந்தைகள், பட்டியல் இனத்தவர், மாற்றுத்திறனாளிகள் இவர்களுக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே வக்கீல் வைத்துக் கொடுப்பார்கள். 1987-ஆம் வருடச் சட்டம் அப்படிச் சொல்கிறது. 15100 என்ற எண்ணுக்குப் போன் போடலாம். சட்டத் தன்னார்வலராகப் பயிற்சி எடுக்க மாணவர்களும் விண்ணப்பிக்கலாம், சட்டக் கல்லூரி மாணவராகத்தான் இருக்கவேண்டும் என்று இல்லை. கேட்டுப் பாருங்கள்.

இன்னொன்று உங்கள் சொந்த ஊர் கிராம சபை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருடத்துக்கு ஆறு. வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால் நீங்களும் உறுப்பினர். போன அக்டோபர் 2-ஆம் தேதி எங்கள் ஊரில் எழுந்து, காலனியிலிருந்து சுடுகாட்டுக்குப் போகும் பாதையில் மழைக்காலத்தில் முழங்கால் அளவு சகதி, அதைத் தீர்மானத்தில் எழுதுங்கள் என்றேன். குரல் நடுங்கியது. "பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு சுடுகாட்டுப் பேச்சு" என்று பின்னாலிருந்து ஒருவர் சொன்னார். எங்கள் அப்பத்தா நாற்காலியை விட்டு எழுந்து, "அவ கேக்குறது சரிதானப்பா, எழுது" என்றார். எழுதினார்கள். பாதை இன்னும் வரவில்லை. தீர்மான நகலை வாங்கி வைத்திருக்கிறேன்.

முகாமுக்குப் போகிறவர்கள் டார்ச், தடித்த செருப்பு, முழுக்கைச் சட்டை எடுத்துக்கொள்ளுங்கள், கருவேல முள் ரப்பர் செருப்பைத் துளைத்துவிடும். கூடவே ஒரு குயர் வெள்ளைத் தாள், ஸ்டேப்ளர், மை டப்பா. கணக்கெடுப்பில் கேட்டதைப் படிவத்தில் எழுதினால் போதாது, உங்கள் நோட்டிலும் எழுதிக்கொள்ளுங்கள், படிவம் உங்களிடம் திரும்ப வராது. முதியோர் உதவித்தொகை நின்றுபோனவர் இருந்தால் கடைசியாக எந்த மாதம் வந்தது என்று பாஸ்புக்கைப் பார்த்துக் குறியுங்கள். சிவகங்கை கலெக்டர் ஆபீஸில் திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாள். அதற்கு மனு எழுத யாருக்கும் பணம் கொடுக்கவேண்டாம், நீங்களே எழுதுங்கள். பெயர், கதவு எண், என்ன வேண்டும் என்பது முதல் நாலு வரியிலேயே வந்துவிட வேண்டும். இரண்டு நகல் எடுங்கள், ஒன்றை உங்கள் கையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். மனு ரசீது எண்ணைப் பெரியவர்களின் ரேஷன் அட்டை உறைக்குள் சொருகிக் கொடுங்கள், அதை மட்டும் அவர்கள் தொலைக்கமாட்டார்கள்.