நீல வரியனா, கருநீல வரியனா?

தென்மேற்குப் பருவமழைக்கு முன்னால், ஏப்ரல் முதல் ஜூன் வரை, மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து பட்டாம்பூச்சிகள் கூட்டம் கூட்டமாகக் கிழக்கே சமவெளிக்குப் போகும். வடகிழக்குப் பருவமழை தொடங்கும் சமயத்தில் மலைக்குத் திரும்பும். அந்தக் கூட்டத்தில் அதிகம் குழப்புபவை நீல வரியனும் கருநீல வரியனும்தான். இரண்டிலும் கரிய இறகில் நீலக் கோடுகளும் புள்ளிகளும் இருக்கும்.

கோட்டின் அகலத்தை முதலில் பாருங்கள். நீல வரியனுக்குக் கோடுகள் அகலம், நிறமும் வெளிறியது. கருநீல வரியனுக்கு அவை ஒல்லி. புள்ளிகள் சிறியவை, நீலம் அடர்த்தி. அதனால் மொத்த இறகும் கறுத்துத் தெரியும். பறக்கும்போது இதைச் சொல்வது கஷ்டம். பூவில் உட்கார்ந்து இறகை மூடட்டும். அடிப்பக்கம் நீல வரியனுக்கு வெளிர்பழுப்பு, மற்றதற்கு அடர்பழுப்பு. வெயிலில் நிறம் ஏமாற்றும், கோட்டின் அகலம் அவ்வளவாக ஏமாற்றாது. ஒரு போட்டோ எடுத்துப் பெரிதாக்கிப் பார்ப்பது உத்தமம்.

நடத்தையை வைத்துப் பிரிக்க முடியுமா? முடியாது. இரண்டின் ஆண்களும் கிலுகிலுப்பை, தேள்கொடுக்குச் செடிகளில் மொய்க்கும். இனச்சேர்க்கைக்கு வேண்டிய வாசனைப் பொருளைத் தயாரிக்க, அச்செடிகளிலுள்ள ஆல்கலாய்டு என்ற வேதிப்பொருளை உறிஞ்சும். பறவைகளுக்கு இரண்டுமே ருசிக்காது.

அழகில் என் ஓட்டு கருநீல வரியனுக்கே. ஆனால் தோட்டத்தில் கொடிப்பாலை வளர்த்தால், அதில் முட்டையிட நீல வரியன் வர வாய்ப்பு உண்டு. அப்புறம், பூச்சிமருந்து மட்டும் அடித்துவிடாதீர்கள்.