ஸ்டிக்கரை நம்பி அலுமினிய பிளேடு வாங்காதீர்கள்

'அலுமினியம் அறுக்க, 10 அங்குலம், 80 பல்' என்று விளம்பரப்படுத்தி, மரம் அறுக்கும் பிளேடை என் தலையில் கட்டிவிட்டார் ஓர் இணைய விற்பனையாளர். பல் எண்ணிக்கையில் பொய் இல்லை. நுண்ணிய மரவேலைக்கும் 80 பல் பிளேடு உண்டு, தந்திரமே அங்கேதான்.

மைட்டர் ரம்பத்தில் (சுழலும் பிளேடை மேலிருந்து இறக்கி அறுக்கும் இயந்திரம்) மாட்டி, அலுமினியச் சதுரக் குழாயைக் கிளாம்ப் போட்டு இறுக்கி, பல்லில் மெழுகும் தடவித்தான் இறக்கினேன். குழாயைத் தொட்டதுமே பிளேடு அதைக் கவ்விக்கொண்டு கீழே பாய்ந்தது. கிளாம்ப் மட்டும் இல்லையென்றால் குழாய் என் கையோடு போயிருக்கும். கழற்றிப் பார்த்தால் பல்லிடுக்கெல்லாம் ஈயம் பூசியதுபோல அலுமினியம் அப்பியிருந்தது. சில பற்களில், அறுக்கும் வேலையைச் செய்யும் கடினமான கார்பைடு முனையையே காணோம். ஸ்டிக்கரின் ஓரம் லேசாகத் தூக்கியிருக்கவே நகத்தால் உரித்தேன். அடியில், தகட்டிலேயே அச்சிட்ட மரப்பலகைப் படம்!

படம் அனுப்பிக் கேட்டதற்கு, "பயன்படுத்திய பொருளைத் திரும்ப எடுக்க மாட்டோம்" என்றார்கள். பிறகு, "இது பல்நோக்கு பிளேடு" என்றார்கள். அதற்குப் பிறகு பதிலே இல்லை.

எனவே மாட்டுவதற்கு முன்பே பல்லை வெளிச்சத்தில் பாருங்கள். மர பிளேடில் பெரும்பாலும் பல் முனைகள் இடமும் வலமுமாக மாறி மாறிச் சரிந்து கூராக இருக்கும். அலுமினியத்துக்கான பிளேடில் ஒரு பல் தட்டையாகவும், அடுத்தது சற்று உயரமாக, இரு மூலைகளும் சீவப்பட்டும் இருக்கும். உயரமான பல் நடுவில் பள்ளம் பறிக்க, தட்டைப் பல் பின்னால் வந்து ஓரங்களை எடுக்கும். அடுத்து, துளையின் மையத்திலிருந்து பல் முனைக்கு ஓர் அளவுகோலை வையுங்கள். சுழலும் திசையில் முனை முன்னால் நீண்டு, பல்லின் அடி பின்தங்கியிருந்தால் அது கவ்வி இழுக்கிற ரகம். மைட்டர் ரம்பத்தில் அலுமினியத்துக்கு முனைதான் பின்தங்க வேண்டும். வழக்கமாக மைனஸ் 5 பாகை அளவில்.

அதிகபட்ச ஆர்.பி.எம். (நிமிடத்துக்கு எத்தனை சுற்று வரை தாங்கும் என்ற அளவு) அச்சிடப்படாத பிளேடை, யார் என்ன சொன்னாலும் மாட்டாதீர்கள். எனக்கு வந்த ஸ்டிக்கரில் அது இல்லவே இல்லை. ஸ்டிக்கரின் ஓரத்தையும் பல்லையும் கிட்டத்தில் படமெடுத்து, சந்தேகம் இருந்தால் மாட்டாமலேயே திருப்பி அனுப்பிவிடுங்கள். ஒரே ஒரு முறை அறுத்துவிட்டாலும் 'பயன்படுத்திய பொருள்' என்று கைவிரித்துவிடுவார்கள்.