ரிலே செட் போட்டாச்சு, வெளிச்சம் வந்தாச்சு, அந்தக் கறுப்பு ஒயர்தான் தீரவில்லை

பழைய கார் வைத்திருக்கும் நண்பர் ஒருவர், "ஹெட்லைட்டுக்கு ரிலே செட் போட்டீங்களே, எப்படி இருக்கு, நானும் வாங்கலாமா?" என்று கேட்டார். ஆமாம், இல்லை என்று ஒரே வார்த்தையில் சொல்ல வாய் வரவில்லை. ரிலே என்பது சின்னக் கரண்டை வைத்துப் பெரிய கரண்டை ஆன் செய்கிற ஒரு மின் சுவிட்ச். ஏழு அங்குல வட்ட விளக்கு, உள்ளே 60/55 வாட் எச்4 பல்பு (பிரைட்டுக்கு 60, டிம்முக்கு 55 என்று ஒரே பல்பில் இரண்டு இழை), ரிலேயே இல்லாத அந்தக் காலத்து ஒயரிங் என்பதெல்லாம் தெரிந்தவர்களுக்காகத்தான் எழுதுகிறேன், அதனால் அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன்.

நல்லதை முதலில் சொல்லிவிடலாம். வெளிச்சம் பிரமாதம். டிம்மில் இரண்டு பல்பும் சேர்ந்து 9 ஆம்பியர் இழுக்கும். பழைய ஒயரிங்கில் அத்தனையும் டாஷ்போர்டு சுவிட்ச், காலால் மிதிக்கிற டிம்மர் சுவிட்ச், களிம்பு பிடித்த நாலைந்து கனெக்டர் என்று ஊரைச் சுற்றிவிட்டுத்தான் விளக்குக்குப் போய்ச் சேரும், வழியில் ஒவ்வொரு இணைப்பும் சுங்கச்சாவடி மாதிரி கொஞ்சம் வோல்டேஜைப் பிடித்துக்கொள்ளும். பல்பில் வோல்டேஜ் பத்தில் ஒரு பங்கு குறைந்தாலே வெளிச்சம் கிட்டத்தட்ட 30 சதவீதம் போய்விடும். பழைய கார் என்றாலே மங்கல்தான் என்று பலர் நினைத்துக்கொண்டிருப்பதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம், பல்பு மேல் குற்றமே இல்லை. ரிலே போட்ட பிறகு விளக்குக்கான கரண்ட் பேட்டரியிலிருந்து ரிலே வழியாகவே போய்விடும், சுவிட்ச் வழியாகப் போவது ரிலேக்குள் இருக்கும் காயிலுக்கு (கம்பிச் சுருளுக்கு) வேண்டிய கரண்ட் மட்டும், அது கால் ஆம்பியர்கூட வராது. சுவிட்சைத் தொட்டால் ஜில்லென்று இருக்கிறது. ராத்திரி ஓட்டும்போது வந்துகொண்டிருந்த அந்தக் கருகல் வாடையும் போய்விட்டது. ஃபியூஸ் கூடவே வருவதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் பல பழைய பிரிட்டிஷ் கார்களில் ஹெட்லைட்டுக்கு ஃபியூஸே கிடையாது.

இப்போது கறுப்பு ஒயர்.

பேட்டரியிலிருந்து வருகிற சிவப்பு ஒயரைத் தடிமனாகப் போட்டிருக்கிறார்கள், சாக்கெட்கூட பீங்கான். கரண்ட் திரும்பிப் போகிற கறுப்பு எர்த் ஒயர் மட்டும் நூல் மாதிரி ஒன்று, அதன் முனையில் தகரத்தில் ஒரு வளையம், "பக்கத்தில் இருக்கும் ஏதாவது போல்ட்டில் மாட்டவும்" என்று ஒரு வரி. போன கரண்ட் அத்தனையும் அதே கறுப்பு ஒயர் வழியாகத்தான் திரும்பி வர வேண்டும் என்பது இதைச் செய்தவருக்குத் தெரியாதா என்ன! பக்கத்து போல்ட் என்றால் ஃபெண்டர் போல்ட், அதைச் சுற்றி பெயின்ட், அதன் மேல் துரு. நாலு நல்ல மழை பெய்தால் இடது விளக்கு மட்டும் செங்கல் நிறத்துக்குப் போய்விடும். கழற்றிப் பார்த்தால் வளையத்தைச் சுற்றிப் பச்சைப் பசேலென்று களிம்பு. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து மாட்டுவேன், அடுத்த மழைக்கு மறுபடியும் அதே கதை.

இதில் எனக்கு உண்மையிலேயே எரிச்சல் மூட்டியது வேறொன்று. பழைய ஒயரிங்கில் ஒரு விளக்குக்கு எர்த் போய்விட்டால் டாஷ்போர்டில் பிரைட்டுக்கான நீல விளக்கு, டிம்மில் இருக்கும்போதே லேசாக மினுங்கும். இடது பல்பின் டிம் இழைக்குள் வந்த கரண்ட் வெளியேற வழி இல்லாமல் பிரைட் இழை வழியாகப் பின்னால் ஏறி, வலது பல்பின் பிரைட் இழை வரைக்கும் போய் அந்தப் பக்கத்து எர்த்தில் இறங்கும், போகிற போக்கில் நீல விளக்கையும் தட்டி எழுப்பிவிட்டுப் போகும். பார்த்ததுமே எர்த்தில் கோளாறு என்று தெரிந்துவிடும். ரிலே போட்ட பிறகு அந்த நீல விளக்கு சுவிட்ச் பக்கமே நின்றுவிடுகிறது, பல்புப் பக்கம் என்ன கூத்து நடந்தாலும் அதற்குத் தெரியாது. ஆக, கோளாறையும் கொண்டுவந்து, கோளாறைக் காட்டிக்கொடுக்கிற ஒரே ஆளையும் வாயடைத்துவிட்டார்கள்.

ஒரு பட்டறையில் பல்பை மாற்றினார்கள். சரியாகவில்லை. அப்புறம் ஆல்டர்னேட்டரையே மாற்றலாம் என்றார்கள். வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

இதைக் கண்டுபிடிக்க மல்டிமீட்டர் போதும், ஆனால் ஒயர் அறுபடாமல் இருக்கிறது என்று காட்டுகிற அதன் "பீப்" சத்தத்தை நம்பாதீர்கள். ஒயரில் ஒரே ஒரு இழை மிச்சம் இருந்தாலும் அது பீப் அடிக்கும். ஹெட்லைட்டை எரியவிட்டு, மீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, ஒரு முனையை பேட்டரி நெகட்டிவ் கம்பத்திலும் (கிளாம்பில் இல்லை, கம்பத்திலேயே) இன்னொன்றை பல்பின் எர்த் முனையிலும் வையுங்கள். 0.2 வோல்ட்டைத் தாண்டினால் சந்தேகப்படலாம். எனக்கு 1 வோல்ட்டுக்கு மேலே காட்டியது. இண்டிகேட்டர் போடும்போது ஹெட்லைட்டும் கூடவே துடித்தால் மீட்டர்கூட வேண்டாம், இரண்டும் ஒரே கெட்ட எர்த்தில் தொங்கிக்கொண்டிருக்கின்றன.

கடைசியில் அந்த நூலை வெட்டிவிட்டு, ஒவ்வொரு விளக்கிலிருந்தும் தடித்த ஒயர் ஒன்றை நேராக பேட்டரி நெகட்டிவுக்கே இழுத்தேன். அதன் பிறகு எத்தனையோ மழை பார்த்தாயிற்று, இரண்டு கண்ணும் ஒரே வெள்ளையில் எரிகிறது.

வெளிச்சத்துக்கு மட்டும் மதிப்பெண் போடச் சொன்னால் முழுசாகக் கொடுத்துவிடுவேன். ஆனால் இதே செட்டை மறுபடி வாங்குவேனா என்றால் மாட்டேன். இரண்டு ரிலே, நல்ல ஒயர், ஃபியூஸ் என்று தனித்தனியாக வாங்கி நானே கட்டிக்கொள்வேன், கோபம்தான் காரணம் என்று நினைத்தாலும் பரவாயில்லை. நண்பருக்கு அவசரம் என்றால் வாங்கட்டும், ஆனால் அவருடைய கார் பாசிட்டிவ் எர்த்தா, அதாவது பேட்டரியின் பாசிட்டிவ் முனை காரின் பாடியோடு இணைந்திருக்கிறதா என்று முதலில் பார்க்கட்டும். 60களின் நடுப்பகுதிக்கு முந்தைய பிரிட்டிஷ் கார்கள் பல அப்படித்தான். உள்ளே டயோடு (ஒரு திசையில் மட்டும் கரண்ட் விடுகிற பாகம்) வைத்த ரிலேயாக இருந்தால் காயிலின் 85, 86 என்ற இரண்டு முனைகளையும் மாற்றிக் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் சுவிட்ச் போட்ட அந்த நொடியே டயோடு காலி.