அளவில் அடங்காத பிள்ளைக்குச் சீருடை பேண்ட்: ஆல்ட்ரேஷனா, தையலா?

ரெடிமேட் சீருடை பேண்ட்டில் ஒரே ஓர் எண்தான் போட்டிருக்கும். சில கம்பெனிகள் அந்த எண்ணை இடுப்பளவைக் கொண்டு போடுகின்றன. சில நீளத்தைக் கொண்டு போடுகின்றன. எதைக் கொண்டு போட்டாலும், ஓர் அளவு ஏறும்போது இடுப்பு, சீட் (பிட்டத்தைச் சுற்றிய பகுதி), தொடை, நீளம் ஆகிய நான்கும் சேர்ந்தே ஏறும்படிதான் துணியை வெட்டுகிறார்கள். நடுத்தர உடல்வாகுள்ள பிள்ளைக்கு இதில் குறையொன்றும் இல்லை. நெட்டையாகவும் ஒல்லியாகவும் வளரும் பையனுக்கும், குட்டையாகவும் வயிறும் தொடையும் சதைப்பிடிப்பாகவும் இருக்கும் பையனுக்கும்தான் சிக்கல். முதலாமவனுக்கு நீளம் பொருந்தும் பேண்ட் இடுப்பில் நிற்காது. இரண்டாமவனுக்கு இடுப்பில் ஏறும் பேண்ட் காலடியில் ஒரு சாண் புரளும். பெண் பிள்ளைகளின் சுடிதாரில் நாடாவோ எலாஸ்டிக்கோ இருப்பதால் அவர்களைப் பெற்றவர்களுக்கு இந்தத் தொல்லை குறைவு.

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், புதுவயல் வட்டாரத்துப் பெற்றோருக்கு இதற்கு மூன்று வழிகள் உள்ளன. பள்ளி சொல்லும் கடையில் இருப்பதில் ஒன்றை எடுத்து அப்படியே போட்டு அனுப்புவது முதல் வழி. ஒரு பெரிய அளவை எடுத்து ஆல்ட்ரேஷனுக்குக் கொடுப்பது இரண்டாவது. பேண்ட் பிட் எடுத்துத் தைக்கக் கொடுப்பது மூன்றாவது. முதல் வழியைப் பற்றிச் சொல்வதற்கு அதிகம் இல்லை. பெல்ட்டை இறுக்கிக் கட்டினால் நின்றுவிடும் என்பார்கள், நிற்கும்தான். ஆனால் இடுப்பில் இரண்டு அங்குலத்துக்கு மேல் துணி மிஞ்சினால், அது பெல்ட்டுக்கு அடியில் கொசுவம்போலத் திரண்டு, நாள் முழுவதும் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் பிள்ளையின் இடுப்பை அறுக்கும். ஆகவே உண்மையான போட்டி மற்ற இரண்டுக்கும் இடையில்தான். அதிலும் எல்லாப் பிள்ளைகளுக்கும் பொருந்தும் ஒரே தீர்ப்பு கிடையாது என்பதே என் முடிவு: ஒல்லியான நெட்டைப் பையனுக்கு ஆல்ட்ரேஷன் போதும், வயிறும் தொடையும் கனத்த பையனுக்குத் துணி எடுத்துத் தைப்பதே சரி.

ஆல்ட்ரேஷன் என்று முடிவு செய்துவிட்டால், எந்த அளவை எடுப்பது என்பதில்தான் கவனம் வேண்டும். வழக்கமாக இடுப்பைப் பார்த்தே எடுக்கிறோம். ஆனால் பேண்ட்டில் திருத்துவதற்கு எளிதான இடங்களே இடுப்பும் நீளமும்தான். திருத்துவதற்குக் கடினமானவை சீட்டும், இடுப்புப் பட்டியிலிருந்து கால் பிரியும் இடம் வரை உள்ள உயரமும் ஆகும். இந்த உயரத்தைக் குறைக்க வேண்டுமென்றால் பட்டியைக் கழற்றி, மேலே வெட்டி, ஜிப்பையும் பாக்கெட்டுகளையும் சுருக்கி மறுபடி ஏற்ற வேண்டும். அதற்குப் புதிதாகவே தைத்துவிடலாம் என்று எந்த டெய்லரும் சொல்லிவிடுவார். கூட்டுவதற்கோ பெரும்பாலும் துணியே இருக்காது. எனவே சீட்டுக்கும் தொடைக்கும் பொருந்தும் அளவை எடுத்துக்கொண்டு, இடுப்பையும் நீளத்தையும் டெய்லரிடம் விட்டுவிடுவதே முறை. கடையில் பிள்ளையை நிற்கவைத்துப் பார்த்தால் மட்டும் போதாது. ஸ்டூலில் உட்காரச் சொல்ல வேண்டும். உட்காரும்போது தொடையில் குறுக்கு வரிகள் இழுத்தாலோ, பின்பக்கப் பட்டி கீழே இறங்கினாலோ, அந்த அளவு ஆகாது.

பணம் கொடுப்பதற்கு முன் பேண்ட்டை உள்புறம் வெளியே வரும்படி புரட்டிப் பார்ப்பது மிக நல்லது. பின்பக்க நடுத்தையலைப் பாருங்கள். இடுப்புப் பட்டி அந்த இடத்தில் இரண்டு துண்டாகப் பிரிந்து சேர்ந்திருக்கிறதா, தையலுக்கு இருபுறமும் ஓர் அங்குலமாவது துணி உள்ளே விட்டிருக்கிறார்களா என்பதுதான் கேள்வி. அப்படி இருந்தால், ஒரே தையலைப் பிரித்துப் பட்டியோடு சேர்த்துப் பிடிக்கலாம், அடுத்த ஆண்டு அதே தையலைப் பிரித்துத் தளர்த்தவும் செய்யலாம். விலை குறைந்த ரெடிமேடில் பட்டி ஒரே துண்டாக ஓடும். தையலோரம் அரை அங்குலத்திலேயே ஓவர்லாக் நூலோடு முடிந்துவிடும். அதைப் பிடிக்க முடியும், தளர்த்த முடியாது. வளரும் பிள்ளைக்கு இந்த வேறுபாடு, விலையில் தெரியும் வேறுபாட்டைவிடப் பெரியது.

பிடிப்பதற்கும் ஓர் எல்லை உண்டு. பின் நடுத்தையலில் ஏறக்குறைய இரண்டு அங்குலம் வரை பிடித்தால் யாருக்கும் தெரியாது. அதற்கு மேல் போனால் பின் பாக்கெட்டுகள் இரண்டும் ஒன்றையொன்று நெருங்கும்; பக்கத் தையல்கள் பின்னால் நகர்ந்து, கையை விடும் பாக்கெட் வாய் பிட்டத்தின் மேல் போய் நிற்கும். மூன்று, நான்கு அங்குலம் குறைக்க வேண்டியிருந்தால் அதைப் பக்கத் தையல்களிலும் பகிர வேண்டும். அதற்குப் பாக்கெட்டைப் பிரிக்க வேண்டியிருப்பதால் கூலியும் ஏறும். அந்த நிலையில் பட்டியின் பின்பாதிக்குள் எலாஸ்டிக் கோத்துவிடுவது சிக்கனமான வழி. எலாஸ்டிக்கில் வரிசையாகக் காஜா போட்டு, உள்ளே ஒரு பட்டன் தைத்துவிட்டால், பிள்ளை சதை போடப் போட ஒரு காஜா தள்ளி மாட்டிக்கொள்ளலாம். சட்டையை உள்ளே விட்டு பெல்ட் கட்டினால் அந்தச் சுருக்கம் வெளியே தெரியாது.

இடுப்புக்குப் பொருந்தும் பேண்ட்டை எடுத்து, கீழ் மடிப்பைப் பிரித்து நீளமாக்கிக்கொள்ளலாமே என்று ஒரு யோசனை எழும். ரெடிமேடில் கீழ் மடிப்பு பெரும்பாலும் ஓரிரு அங்குலத்துக்கு மேல் இராது. அதை முழுவதும் இறக்க வேண்டுமென்றால், உள்ளே வேறு துணியில் பட்டி வைத்துத் தைத்துத் திருப்ப வேண்டும், செய்யக்கூடிய வேலைதான். ஆனால் துவைத்து அணிந்த பேண்ட்டில் பழைய மடிப்புக் கோடு நிற்கும். பாலியஸ்டர் கலந்த துணியில் இஸ்திரிச் சூட்டில் பதிந்த மடிப்பு எளிதில் போகாது. வினிகர் கலந்த நீரில் நனைத்துப் பிழிந்த துணியை மேலே விரித்து ஆவி எழ இஸ்திரி போட்டால் மடிப்பு ஓரளவு மறையும். மடிப்புக்குள் ஒளிந்திருந்த துணியின் அடர்ந்த நிறத்துக்கும், செட்டிநாட்டு வெயிலில் காய்ந்து வெளிறிய மேல்துணிக்கும் உள்ள வேறுபாடு மறையாது. சாம்பல் நிறத்தில் இது அவ்வளவாகக் கண்ணில் படாது, கருநீலத்தில் தெரு முனையிலிருந்தே தெரியும்.

சதைப்பிடிப்பான பையனுக்கு ஏன் ஆல்ட்ரேஷன் சரிப்படாது என்பதற்கு நீளம் காரணமல்ல. எவ்வளவு வேண்டுமானாலும் வெட்டிவிடலாம். ஆனால் முட்டிக்குக் கீழே குறுகி வர வேண்டிய பேண்ட்டை நடுவிலேயே வெட்டினால் பாட்டம் அகலமாக நின்றுவிடும். முட்டி வளைவும் முழங்காலுக்குக் கீழே இறங்கிவிடும். பாட்டத்தை மட்டும் பிடித்துக் கொடுத்தாலும் தொடைக்கும் முட்டிக்கும் இடையில் துணி தொளதொளவென்று கிடக்கும். அதைவிட முக்கியமானது வயிறு. இந்தப் பிள்ளைகள் பேண்ட்டை வயிற்றுக்குக் கீழேதான் கட்டுகிறார்கள். முன்பக்க உயரம் குறைவாகவும் பின்பக்க உயரம் கூடுதலாகவும் இருந்தால்தான் குனியும்போது பின்னால் இறங்காது. ரெடிமேடில் இந்த முன்பின் வித்தியாசம் எல்லாருக்கும் பொதுவான கணக்கில்தான் இருக்கும். கையால் வெட்டும் டெய்லர் இதற்கென்று பின்பாகத்தைச் சாய்த்து உயர்த்தி வெட்டுவார். தையல் பேண்ட்டின் முழு மதிப்பும் இந்த ஒரு வெட்டில் இருக்கிறது என்றே சொல்லலாம்.

அளவெடுக்கும்போது பிள்ளை வயிற்றை எக்கிக்கொள்வது இயல்பு. “தம்பி, மூச்ச இழுக்காம, எப்பவும் நிக்கிற மாதிரி நில்லுப்பா” என்று சொல்லி, அவன் மறந்திருக்கும் நேரத்தில் டேப்பை இறுக்குகிற டெய்லரே நல்ல டெய்லர். சாப்பிட்ட பிறகு கூட்டிச் செல்வது இன்னும் நல்லது. அளவுக்கென்று பழைய பேண்ட் ஒன்றைக் கொடுத்துவிட்டு வருவது, பொருந்தாத பிள்ளைக்கு உதவாது. பழைய பேண்ட்டின் குறையே புதிய பேண்ட்டிலும் வந்து சேரும். ஒரு கால் சற்றுக் குட்டையாக உள்ள பிள்ளைக்கும், காலுக்குத் தாங்கலாக காலிபர் கருவி அணியும் பிள்ளைக்கும் இரண்டு கால்களையும் தனித்தனியே, பள்ளிக்குப் போடும் ஷூவோடு நிற்கவைத்து அளக்கச் சொல்ல வேண்டும். கொக்கியும் ஜிப்பும் போட வராத பிள்ளைக்கு, முன்னால் போலி ஜிப் தையலோடு இடுப்பு முழுவதும் எலாஸ்டிக் வைத்துத் தைத்துத் தருவார்கள். பார்வைக்கு மற்ற பிள்ளைகளின் பேண்ட்டைப் போலவே இருக்கும்.

வளர்ச்சிக்கு இடம் விடுவதில் கடைப் பேண்ட் தையல் பேண்ட்டோடு போட்டியிடவே முடியாது. பையன்கள் வேகமாக வளரும் காலத்தில் ஆண்டுக்கு 8 முதல் 10 செ.மீ. வரை உயரக்கூடும், அதில் கால்களின் பங்கு பாதி என்று கொண்டால் இரண்டு அங்குலம். கீழே மூன்று அங்குலம் உள்மடிப்பும், பின் நடுத்தையலில் பக்கத்துக்கு ஓர் அங்குலமும் விட்டுத் தைக்கச் சொன்னால், ஓராண்டுக்குக் குறையாமல் உழைக்கும்.

துணி எடுப்பதில் நிறம்தான் இடறும் இடம். பள்ளித் துணியின் அதே சாயல் கிடைத்தால்தான் தையல் வழி திறக்கும். குறிப்பிட்ட கட்டம் போட்ட துணி ஒரே கடையில்தான் கிடைக்கும் என்றால் அந்தக் கடையிலேயே துணியாகக் கேட்டுப் பார்க்கலாம். சீருடை உள்ளிட்டவற்றைக் குறிப்பிட்ட கடைகளில்தான் வாங்க வேண்டும் என்று பெற்றோரைக் கட்டாயப்படுத்தக் கூடாது என 2017 ஏப்ரலில் சி.பி.எஸ்.இ. தன் பள்ளிகளுக்கு அறிவுறுத்தியிருக்கிறது. அந்தப் பாடத்திட்டப் பள்ளிகளில் இதை நினைவூட்டித் துணியின் விவரத்தைக் கேட்பதில் தவறில்லை. பழைய பேண்ட் ஒன்றைக் கையில் கொண்டுபோய், டியூப்லைட் வெளிச்சத்தில் அல்லாமல் கடை வாசலில் பகல் வெளிச்சத்தில் ஒப்பிட வேண்டும். பேண்ட் துணி பொதுவாக 58 அங்குல அகலத்தில் வருகிறது. எத்தனை மீட்டர் என்பதை டெய்லரிடம் பிள்ளையைக் காட்டிக் கேட்டுக்கொண்டு, எல்லா பேண்ட்டுக்கும் ஒரே தடவையில் வெட்டி வாங்குவது நல்லது. அடுத்த பேல் வேறு சாயத்தில் வரக்கூடும்.

செலவு என்று பார்த்தால், ஆல்ட்ரேஷன் வழி மலிவு. தையலில் கூலியே துணி விலையைத் தாண்டிவிடுவதுண்டு. காலமும் ஆல்ட்ரேஷன் பக்கமே நிற்கிறது. பள்ளி திறக்கும் ஜூன் மாதத்தை ஒட்டி, காரைக்குடியில் வைகாசியில் கொப்புடைய நாயகி அம்மன் கோயில் செவ்வாய்த் திருவிழாவும் வருவதால், அந்த வாரங்களில் தையல் கடையில் புதுத்துணி மலைபோலக் குவிந்திருக்கும். பிளவுஸும் சுடிதாரும் தைப்பவர்கள் தெருவுக்குத் தெரு இருக்க, பேண்ட் வெட்டத் தெரிந்தவர்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டியிருக்கிறது. ஏப்ரல் கடைசியிலேயே துணியைக் கொடுத்து, கீழ் மடிப்பை அடிக்காமல் வைக்கச் சொல்லி, பள்ளி திறக்கும் வாரத்தில் ஷூவோடு நிற்கவைத்து நீளத்தை முடித்துக்கொள்வது நல்லது. கோடை விடுமுறையில் பிள்ளைகள் வளர்ந்துவிடுகிறார்கள்.

சத்துணவு உண்ணும் 1 முதல் 8 வரையிலான வகுப்புப் பிள்ளைகளுக்கு அரசு ஆண்டுக்கு 4 செட் சீருடை விலையில்லாமல் தருகிறது. மகளிர் தையல் கூட்டுறவுச் சங்கங்களில் தைக்கப்பட்டு வருவது அது. அதற்கும் மேலே சொன்ன விதிதான்: சீட்டும் தொடையும் பொருந்தினால் மற்றதைப் பிடித்துக்கொள்ளலாம், பொருந்தாவிட்டால் பள்ளியிலேயே வேறு அளவு இருக்கிறதா என்று கேட்க வேண்டும்.

தையல் பேண்ட்டை வாங்கும்போது மிஞ்சிய துண்டுத் துணியைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. கனத்த தொடைகள் உரசும் பிள்ளைகளுக்குப் பேண்ட் முதலில் தேய்வது உள்தொடையில்தான். அந்த இடத்தில் தொடக்கத்திலேயே உள்ளே ஒரு துண்டு வைத்துத் தைத்துவிட்டால் கிழிசல் தள்ளிப்போகும். கிழிந்த பிறகு ஒட்டுப் போடுவதானாலும், அதே பேலில் வெட்டிய துண்டாக இருந்தால் நிறம் காட்டிக்கொடுக்காது. அந்தத் துண்டைப் பேண்ட்டோடு சேர்த்தே துவைத்து வந்தால் வெளிறுவதும் ஒரே அளவில் இருக்கும்.